காத்தாடி சுற்றுகிறது, படம் வரவில்லை

“ஒரு பொட்டியச் சரி பண்ண வீட்டையே தூக்கிட்டு வரணுமா? இது என்ன நியாயம்?”

மாடிப்படி ஏறி வந்த சண்முகவடிவு முதலில் கேட்டது இதைத்தான். இடுப்பில் மானிட்டர். தோளில் வயர்கள் பிதுங்கும் கட்டைப் பை. பின்னால் ஆட்டோக்காரர் கம்ப்யூட்டர் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தார்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஜங்ஷன் பாக்ஸு?”

“அதுவும் இருக்கு. குத்துவிளக்கு மட்டுந்தான் கொண்டு வரல.”

“அது வேண்டாம்க்கா. உக்காருங்க.”

அவள் பெயர் ஜெபக்கனி. வயது இருபத்தொன்பது. பாளையங்கோட்டைக் கடைத்தெருவில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறாள். பார்ப்பதோடு சரி, கை வைக்க மாட்டாள். வீட்டில் இருக்கிற அத்தனை சாமானையும் கொண்டுவரச் சொல்வாள். கொண்டுவந்தவரேதான் மாட்ட வேண்டும், அவரேதான் கழற்ற வேண்டும். அவள் எதிரே உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்ப்பாள்.

ஊர்க்காரர்கள் கடுப்பில் அவளுக்கு வைத்த பெயர் கனி டீச்சர். கடுப்பில் பெயர் வைத்தவர்களே அடுத்த தடவையும் அவளிடம்தான் வந்தார்கள்.

சண்முகவடிவுக்கு வயது ஐம்பத்திரண்டு. பொறுமை அவளுக்குப் பிறவியிலேயே கொஞ்சம் கம்மி. அன்றைக்குச் சுத்தமாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், மணி இரண்டே முக்கால். நாலு மணிக்கு ஆட்டம்.

“என்னக்கா பண்ணுது?”

“புது கிராபிக்ஸ் கார்டு. போட்டுப் பத்து நாளாச்சு. காத்தாடி சுத்துது, லைட்டு எரியுது, படம் மட்டும் வர மாட்டேங்கு.”

“வேற யார்கிட்டயாவது காட்டினீங்களா?”

“ரெண்டு கடை. பொட்டிய மட்டும் கொடுத்துட்டு வெளிய உக்காந்திருந்தேன். அங்கன வச்சுப் போட்டா பளிச்சுன்னு படம் வருது. வீட்டுக்குக் கொண்டாந்தா இருட்டு. மொதக் கடக்காரன் ஒங்க வீட்டுக் கரண்டு சரியில்லங்கான். ரெண்டாவது கடக்காரன்...”

நிறுத்தினாள். நினைத்தாலே இப்போதும் பற்றிக்கொண்டு வந்தது.

“ரெண்டாவது கடையில என்ன சொன்னாங்க?”

“ஒங்களுக்குச் சொன்னாப் புரியாது, பையன வரச் சொல்லுங்கன்னான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஒங்க அம்மாவ வரச் சொல்லுல, நான் அவங்ககிட்டப் பேசிக்கிடுதேன்னேன்.”

சுவரோரப் பெஞ்சில் லேப்டாப்போடு காத்திருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஜெபக்கனி சிரிக்கவில்லை.

“இதுல என்ன செய்வீங்க?”

“கேம்.”

“யாரு ஆடுறது?”

“எம் மவன்.”

பட்டென்று வந்துவிட்டது. யார் கேட்டாலும் அப்படித்தான் வரும். கார்டு விற்றவனிடமும் அதையே சொன்னாள், தபால்காரரிடமும் அதையே சொன்னாள்.

“அவர் எங்க இருக்கார்?”

“ஓசூர்ல, கம்பெனியில.”

“எப்ப வருவார்?”

“பொங்கலுக்கு.”

“அப்ப பொங்கலுக்கு வாங்கக்கா. யாரு ஆடுறாங்களோ அவங்கதான் இங்க மாட்டணும்.”

சண்முகவடிவுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. ஆட்டோக்காரர் எப்போதோ போய்விட்டார். மானிட்டரை மேசைமேல் வைத்தாள். அதன் பக்கத்திலேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“நான் போக மாட்டேன். போலீஸக் கூப்பிட்டாலும் போக மாட்டேன்.”

“இருங்கக்கா. ஃபேன் போடவா?”

ஃபேனைப் போட்டுவிட்டு வந்து ஜெபக்கனி மறுபடி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

மின்விசிறி சுற்றியது. மணி மூன்று.

நடந்தது இதுதான். மகன் ஓசூருக்குப் போனபோது கம்ப்யூட்டரை வீட்டில் விட்டுவிட்டுப் போனான். சண்முகவடிவு தினம் அதைத் துடைத்து வைத்தாள். ஒருநாள் துடைக்கும்போது கை பட்டுத் திரையில் ஒரு கோட்டை வந்தது. நாலு பேர் காக்கிற கோட்டை, நாலு பேர் பிடிக்க வருகிற கோட்டை. அன்றைக்கு அவள் சோறு வடிக்க மறந்தாள்.

அவள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். முந்நூறு பிள்ளைகள் நிற்கிற வரிசையில் எவன் இரண்டாவது முட்டைக்கு மறுபடி வந்து நிற்கிறான் என்பதை இருபது வருடமாகக் கண்டுபிடிக்கிற கண் அவளுடையது. அந்தக் கண்ணுக்குக் கோட்டைச் சுவரில் ஏறுகிறவன் எம்மாத்திரம்?

விளையாட்டில் அவள் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் சுடலை. கூட ஆடும் மூன்று பேரையும் அவள் நேரில் பார்த்ததில்லை. தலைவன் தாமோதரன், ஈரோட்டில் வங்கி வேலை, முப்பது வயது. மைக் கெட்டுப்போச்சு என்று சொல்லிவிட்டு இரண்டு வருடமாக எழுதியே காட்டுகிறாள். “மேல ஒருத்தன்.” “பின்னால ரெண்டு பேர்.” அதற்கு மேல் ஒரு சொல் எழுத மாட்டாள்.

“சுடலை அண்ணன் இருந்தாப் போதுங்க, நாம தூங்கிட்டே ஆடலாம்” என்பான் தாமோதரன்.

அதே தாமோதரன் ஒருநாள் எதிர் அணியில் ஒரு பெண் இருப்பதைப் பார்த்துவிட்டு, “அந்த டீம் வெளங்குன மாதிரித்தான்” என்று சிரித்தான். சண்முகவடிவு அன்றைக்கு அந்த அணியின் தாமோதரனை, அதாவது அவர்களுடைய தலைவனை, மூன்று தடவை சுட்டாள். ஆனால் தான் யாரென்று சொல்லவில்லை. சொன்னால் தூக்கிவிடுவார்கள் என்ற பயம்.

இன்று இறுதி ஆட்டம். ஊரெல்லாம் பார்க்கும்படி ஒளிபரப்பு உண்டு. ஆடுகிற எட்டுப் பேரும் முகத்தைக் காட்ட வேண்டும், பேச வேண்டும் என்பது விதி. ஆட்டமும் முகமும் சேர்ந்து ஓட பழைய கம்ப்யூட்டர் தாங்காது. அதற்காகத்தான் புதுக் கார்டு வந்தது.

மூன்றே கால் ஆனது. “நாலு மணிக்கு ஆட்டம் இருக்கு” என்று சண்முகவடிவு நாலாவது தடவையாகச் சொன்னாள்.

“மவனுக்குத்தான ஆட்டம்?” என்றார் பெஞ்சில் இருந்தவரில் ஒருவர், நல்ல மனதோடுதான். “நீங்க எதுக்கும்மா பதறுதிய?”

சண்முகவடிவு எழுந்தே விட்டாள்.

“எம் மவன் அந்த கேம எப்பவோ மறந்துட்டான்யா! ஆடுறது நான். இந்தக் கையிதான் ஆடுது. ஐம்பத்திரண்டு வயசு, சுகர் இருக்கு, மூட்டு வலி இருக்கு, ஆடுறேன். என்ன இப்ப?”

பெஞ்சுக்காரர் ஒன்றும் இல்லை என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஜெபக்கனி மேசையில் இடம் காட்டினாள்.

“அப்ப நீங்க மாட்டுங்கக்கா. வீட்டுல எப்படி மாட்டுவீங்களோ அதே மாதிரி.”

சண்முகவடிவு பையைத் திறந்தாள். ஒவ்வொரு வயரும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில், ரப்பர் பேண்டு போட்டு இருந்தது. கீபோர்டு பாலிதீனுக்குள் இருந்தது. மானிட்டர் வாங்கி ஐந்து வருடம், அதன்மேல் ஒட்டி வந்த மெல்லிய தாள் இன்னும் உரிக்கப்படவில்லை. இதில் அவளைக் குறை சொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை. கார் வாங்கி எட்டு வருடம் ஆகியும் சீட்டு உறையோடு ஒட்டி வியர்த்துக்கொண்டு போகிறவர்கள்தானே நாம்.

பெட்டியின் முகம் அவளைப் பார்த்து இருந்தது. அவள் கையைப் பின்பக்கம் விட்டாள். கை தானாக மேலே போய், மானிட்டர் வயரை ஒரு ஓட்டையில் சொருகியது. சுவிட்சைப் போட்டாள்.

காத்தாடி சுற்றியது. உள்ளே நீல விளக்கு எரிந்தது. மானிட்டரில் ‘சிக்னல் இல்லை’ என்று வந்து, அதுவும் அணைந்தது.

“பாத்தியா? நான் சொன்னேம்லா?”

“கழத்திட்டு மறுபடி மாட்டுங்கக்கா.”

மாட்டினாள். இருட்டு.

“மறுபடி.”

“எத்தன தடவ மாட்டினாலும் இதான் வரும்!”

“பாக்காமலே மாட்டுறீங்களே.”

“அஞ்சு வருசமா மாட்டுற ஓட்டை. கண்ணக் கட்டி விட்டாலும் மாட்டுவேன்.”

“அது தெரியுது.”

மூன்றாம் தடவையும் இருட்டு. சண்முகவடிவுக்கு அழுகை வந்தது. அதை அவள் கோபமாக மாற்றிக்கொண்டு வாயைத் திறந்தபோது அவளுடைய போன் அடித்தது. விரல் தவறிப் பட்டு ஸ்பீக்கரில் விழுந்துவிட்டது.

“மதினி! எங்க இருக்கிய? நான் குளிச்சு, பட்டுச் சட்டை போட்டு, மீசைய முறுக்கி உக்காந்திருக்கேன். ஒங்க வீடு பூட்டிக் கெடக்கு!”

“வாரேன் கொழுந்தனாரே, இருங்க” என்று சொல்லிவிட்டு அவசரமாக அணைத்தாள்.

ஜெபக்கனி கேட்டாள்.

“அது யாருக்கா?”

“எதுத்த வீட்டு நயினாரு. ரேசன் கடையில இருக்காரு.”

“அவர் எதுக்கு மீசைய முறுக்கணும்?”

சண்முகவடிவு ஃபேனைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“மொகத்தக் காட்டணும்லா. கேமராவுக்கு முன்னால அவரு உக்காந்துக்கிடுவாரு. நான் காதுல சொல்லுவேன், அவரு பேசுவாரு. பக்கத்துல கீழ உக்காந்து நான் ஆடுவேன்.”

பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஆடுறது நீங்க” என்றாள் ஜெபக்கனி.

“ஆமா.”

“தெரியுறது அவர்.”

“ஆமா. அதுல ஒனக்கு என்ன நட்டம்?”

ஜெபக்கனி எழுந்தாள். அந்தக் கடையில் யாரும் பார்த்திராத ஒன்றைச் செய்தாள். பெட்டியின் மேல் இரண்டு கைகளையும் வைத்து, அதை அப்படியே திருப்பினாள். பெட்டியின் முதுகு சண்முகவடிவுக்கு நேரே வந்தது.

திருப்பிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சண்முகவடிவு கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

மேலே, பழைய ஓட்டையில், அவள் சொருகிய வயர். அதற்கு ஒரு சாண் கீழே புதுக் கார்டின் ஓரம். அந்த ஓரத்தில் வரிசையாக நாலு ஓட்டைகள். நாலிலும் கறுப்பு ரப்பர் மூடி இருந்தது.

“இதுலயும் மாட்டலாமா?”

“கார்டு போட்டா படம் அது வழியாத்தான் வரும். பழைய ஓட்டை வேலை செய்யாது.”

“இது வேற எதுக்கோன்னுல்லா நெனச்சேன்.”

“மூடி யாரு போட்டது?”

“வரும்போதே போட்டுத்தான் வந்துச்சு. புதுசு, தூசி போயிரக் கூடாதுன்னு நான் கழத்தல.”

“ரெண்டு கடையிலயும் கழத்தித்தானே வயர் மாட்டியிருப்பாங்க?”

“ஆமா, ஒண்ணக் கழத்திப் பொட்டிக்கு மேல வச்சிருந்தானுவ. நான்தான் பத்திரமா எடுத்து, திரும்ப மாட்டி...”

அவள் பார்வை அந்த நாலு மூடிகளின் மேல் போனது.

“பத்து நாளா அது படம் காட்டிக்கிட்டுத்தான் இருக்குக்கா” என்றாள் ஜெபக்கனி.

சண்முகவடிவு நகத்தால் முதல் மூடியைக் கழற்றினாள். பிறகு இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. ஒன்று போதும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. கழற்றிய நாலையும் ஜன்னல் வழியாகத் தெருவில் எறிந்தாள். கீழே பாத்திரக் கடை வாசலில் ஒரு அண்டாவில் ‘டக்’ என்று சத்தம் கேட்டது.

வயரை மேலிருந்து பிடுங்கி, இந்தத் தடவை கண்ணால் பார்த்து, கீழே சொருகினாள்.

மானிட்டர் வெளிச்சமானது. அவள் மகன் எப்போதோ வைத்துவிட்டுப் போன குற்றாலத்து அருவி பளீரென்று நின்றது.

சந்தோஷப்பட வேண்டிய சண்முகவடிவுக்கு ஆத்திரம்தான் வந்தது.

“இத நான் வந்த ஒடனே சொல்லக் கூடாதா? அரை மணி நேரமாத் தரையில உக்கார வச்சுட்டியே!”

“சொல்லியிருந்தா வீட்டுக்குப் போயி மூடியத் திருப்பிப் போட்டிருப்பீங்க.”

அது உண்மை என்று சண்முகவடிவுக்குத் தெரியும். அவள் தன்னை நன்றாக அறிந்தவள்.

மணி மூன்று ஐம்பது. ஆட்டோ பிடித்து, எல்லாவற்றையும் ஏற்றி, வீட்டில் இறக்கி, மறுபடி மாட்ட முக்கால் மணி நேரமாவது ஆகும். அதை அவளும் கணக்குப் போட்டாள், ஜெபக்கனியும் கணக்குப் போட்டாள்.

போன் மறுபடி அடித்தது.

“மதினி, வெத்தல போட்டுக்கிடலாமா, இல்ல போட்டாப் படத்துல வாயி செவப்பாத் தெரியுமா?”

“நல்லாப் போட்டுக்கிடுங்க கொழுந்தனாரே. போட்டுட்டு, சட்டையக் கழத்தி வச்சுட்டுப் படுத்துத் தூங்குங்க.”

“அப்ப ஆட்டம்?”

“இருக்கு.”

போனை வைத்தாள். இருபது வருடமாக அதிகாரிகளிடமும், அரிசியில் கல் கலந்து அனுப்புகிறவர்களிடமும் சண்டை போட்டவள். அப்போதெல்லாம் அவள் பயந்ததில்லை. இப்போது பயந்திருந்தாள். தாமோதரன் சிரிக்கப் போகிறான் என்பது தெரியும். தூக்கியும் விடலாம். இரண்டு வருடமாக அவளுக்கென்று இருந்தது அந்தக் கோட்டை ஒன்றுதான்.

“இங்கன நெட்டு இருக்கா?”

ஜெபக்கனி எழுந்தாள். மேசைமேல் இருந்த திருகாணி டப்பாவை எடுத்துக் கீழே வைத்தாள். ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் கம்பியை எடுத்து வைத்தாள். குடித்து மீதி வைத்த டீயையும் எடுத்தாள். தன் கம்ப்யூட்டரிலிருந்து நெட் வயரைப் பிடுங்கி, அதன் முனையைச் சண்முகவடிவு பக்கம் வைத்தாள். பிறகு தன் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்துவிட்டு, போய்ப் பெஞ்சில் அந்த இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கேமராவை மாட்ட சண்முகவடிவுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கீபோர்டின் பாலிதீனைக் கிழித்தாள். மானிட்டரின் தாளையும் ஒரு மூலையில் பிடித்து ஒரே இழுப்பாக உரித்தாள். கலைந்த முடியைச் சேர்த்துக் கொண்டை போட்டாள்.

நாலு மணி.

திரையின் ஓரத்தில் அவள் அணிக்கு நாலு சின்னக் கட்டங்கள். மூன்றில் மூன்று ஆம்பிளைகள். நாலாவதில் கண்ணாடி போட்ட ஒரு பொம்பளை, அவளுக்குப் பின்னால் உடைந்த கம்ப்யூட்டர்களும், லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு எட்டிப் பார்க்கிற இரண்டு தலைகளும்.

கோட்டைக் கதவு திறந்தது. ஆட்டம் ஆரம்பித்தது.

தாமோதரன் கேட்டான், மரியாதையாகத்தான்.

“ஏனுங்கம்மா... சுடலை அண்ணன் இல்லீங்களா? கொஞ்சம் அவர வரச் சொல்லுங்க. ஆட்டம் ஆரம்பிச்சிருச்சுங்க.”

எதிர் அணியில் யாரோ சிரித்தார்கள். இன்னொருவன், “சமையல் நிகழ்ச்சி அடுத்த சேனல்ல” என்றான். சிரிப்பு பெரிதானது.

சண்முகவடிவு திரும்பிப் பெஞ்சைப் பார்த்தாள். ஜெபக்கனி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, கேக்குதுங்களா?” என்றான் தாமோதரன். “அண்ணன் எங்கீங்க?”

சண்முகவடிவு மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்தாள்.

“ஏல, கேள்வியெல்லாம் பொறவு கேளு. ஒனக்கு எடது பக்கம் செவுத்து மேல ஒருத்தன் நிக்கான். மொதல்ல குனி.”